மாடித்தோட்டத் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை, ஷிஃப்ட் வாராவாரம் மாறும், வாடகை வீட்டு மொட்டைமாடியில் தொட்டிகள், வைகாசியில் வாங்கிய ரோஜா இரண்டே வாரத்தில் கருகியது, மல்லி கொடியாகப் படர்கிறதே ஒழியப் பூக்கவில்லை, வீட்டுக்குள் வைத்த பாம்புக்கற்றாழை அடியோடு அழுகிவிட்டது. எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில், "அக்கா, எனக்குக் கைராசி இல்லை போல" என்று முடித்திருக்கிறாய். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் கோபம் வந்தது. அதனால்தான் கடிதம் இவ்வளவு நீளமாகப் போகிறது. பொறுமையாகப் படி.

உன் தெருவிலேயே கைராசிக்காரி என்று பேர் வாங்கிய ஒரு அம்மா கட்டாயம் இருப்பார். அவரை ஒரு வருஷம் கவனித்துப் பார். ஆடியில் கிளை ஒடித்து நடுவார். ஐப்பசியில் உரக்கூடையைத் தொடமாட்டார். கார்த்திகையில் கத்தரிக்கோலை எடுப்பார். சித்திரையில் எந்தச் செடியின் வேரையும் கிளறமாட்டார். ராசி என்று ஊர் சொல்வது இந்த மாதக் கணக்கைத்தான். உன் செடிகளை நீ கவனிக்காமல் விடவில்லை. தப்பான மாதத்தில் கவனித்தாய், அவ்வளவுதான். அதைத் திருத்துவது சுலபம்.

முதலில், உனக்கு வழிகாட்டும் காணொளிகளை யார் எடுக்கிறார்கள் என்று பார். பெங்களூரில் இருப்பவர் சொல்லும் ஏப்ரலும் உன் ஏப்ரலும் ஒன்றில்லை. செடி எங்கிருந்து வருகிறது என்றும் பார். ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே பசுமைக்குடிலில் குளுகுளுவென்று வளர்ந்த ரோஜாவைக் கத்திரி வெயில் எரிக்கும் மாடிக்கு நேரே கொண்டுவந்தால் அது என்ன செய்யும்? உங்கள் ஊர் வழியாகப் போகும் கொல்கத்தா நெடுஞ்சாலையில் செடி ஏற்றிய லாரிகளைப் பார்த்திருப்பாய். ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் கடியம் என்ற ஊர் முழுக்க நர்சரிதான். அங்கிருந்து சென்னைக்கு ஏராளமான செடிகள் வருகின்றன. அவற்றில் பல களிமண் உருண்டையோடு வரும். நெடும்பயணம் செய்த செடியை வாங்கிய அன்றே தொட்டி மாற்றி, உரம் போட்டு, வெயிலில் நிறுத்துகிறாய். அது மூச்சு வாங்கவாவது விடு. ஒரு வாரம் நிழலில், வந்த பையிலேயே இருக்கட்டும். செடி வாங்கும் மாதம் ஆடியிலிருந்து புரட்டாசி வரை. விட்டால் மார்கழி, தை. பங்குனி முதல் வைகாசி வரை நர்சரிப் பக்கம் போகாதே. அங்கே பூத்துக் குலுங்கும், ஆசையாக இருக்கும், தெரியும். வேண்டாம்.

திருவள்ளூர் மாவட்டத்துத் தோட்டத்துக்கு வருஷம் மழையில் தொடங்குகிறது. ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியை வடகிழக்குப் பருவமழை இரண்டு மூன்று மாதத்தில் கொட்டிவிடும். இப்போது புரட்டாசி. நீ சரியான நேரத்தில்தான் கேட்டிருக்கிறாய்.

மழைக்கு முன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர் வெளியேற வழி. ஒவ்வொரு தொட்டியையும் சாய்த்து அடித்துளையைப் பார். வேர் அடைத்திருக்கும், மண் இறுகியிருக்கும். குச்சியால் குத்தித் திற. தொட்டிகளைச் செங்கல் மேல் ஏற்று. அடியில் வைத்திருக்கும் தட்டுகளை எல்லாம் எடுத்து உள்ளே வை. "தரை அழுக்காகுமே அக்கா" என்பாய். ஆகட்டும். தட்டில் நிற்கும் நீரில் வேர் அழுகும், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவும் முட்டையிடும். வீட்டுக்குள் இருக்கும் மணி பிளாண்ட் பாட்டிலுக்கும் இதே கதைதான்: வாரம் ஒருமுறை நீரை முழுதாகக் கொட்டி, பாட்டிலின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி, புது நீர் ஊற்று.

புயல் எச்சரிக்கை வந்தால் தொங்கும் தொட்டிகளை இறக்கு, கைப்பிடிச் சுவர் மேல் ஒன்றையும் வைக்காதே. 2016 டிசம்பர் வர்தா, 2023 டிசம்பர் மிக்ஜாம், இரண்டும் உங்கள் பக்கத்தை ஒரு கை பார்த்துவிட்டுத்தான் போயின. நிமிர்ந்த தொட்டிகளைச் சுவரோரமாக நெருக்கி வைத்தால் ஒன்றுக்கொன்று அணையாக நிற்கும்.

அடைமழையில் உரம் போடாதே. கரைந்து ஓடிவிடும், வேருக்கும் அப்போது அதை எடுக்கத் தெம்பு இருக்காது. தென்னை நார்க்கழிவு மட்டும் நிரப்பிய தொட்டிகள் உன்னிடம் இருந்தால் அவற்றை முதலில் தாழ்வாரத்துக்கு இழு. வெயிலில் ஈரம் காக்கும் அதே நார் மழையில் நாட்கணக்கில் ஈரத்தை விடாது. அடுத்த முறை செம்மண், ஆற்றுமணல், மண்புழு உரம் மூன்றையும் கலந்து, நாரை ஒரு பங்குக்கு மேல் போகாமல் சேர். நாரை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். அதில் உப்பு இருக்கும். கட்டடம் இடித்த மண்ணைத் தொட்டிக்கு அள்ளாதே, சுண்ணாம்பு மிகுந்து போகும். ஆலைச் சுவரோர மண்ணும் வேண்டாம். அதில் என்னென்ன படிந்திருக்கும் என்று உனக்கே தெரியும்.

இப்போது உன் மல்லிக்கு வருவோம். குண்டுமல்லியைக் கார்த்திகை இரண்டாம் வாரத்தில், அதாவது நவம்பர் கடைசியில், வெட்ட வேண்டும். நுனி கிள்ளுவதை வெட்டு என்று சொல்லாதே. தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்துக்கு, முழங்கால் அளவுக்கு, முழுச் செடியையும் கத்தரி. தொட்டிச் செடி என்றால் இன்னும் கொஞ்சம் தாழ்வாகவே வெட்டலாம். மிஞ்சிய இலைகளையும் உருவிவிடு. காய்ந்த குச்சி, ஒன்றோடொன்று உரசும் குச்சி எல்லாம் போகட்டும். மழை விட்ட ஒரு நாளாகப் பார்த்துச் செய்.

"பச்சைப்பசேலென்று இருக்கிறதே அக்கா, எப்படி வெட்டுவது?" இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். மல்லி பழைய குச்சியில் பூக்காது. புதிதாகத் துளிர்க்கும் கிளையின் நுனியில்தான் மொட்டு வைக்கும். நீ வெட்டாமல் விட்ட பச்சை எல்லாம் பூவில்லாத பச்சை. கார்த்திகையில் வெட்டினால் தையில் துளிர் நிறையும், பங்குனியில் மாடி மணக்கும். வெட்டியபின் தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரமும் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் போட்டு மண்ணைக் கிளறிவிடு. ஆனியில் ஒருமுறை இதே அளவு. எல்லா மல்லிக்கும் ஒரே தேதி என்று நினைத்துவிடாதே. ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. கார்த்திகை, மார்கழி, தை என்று மாதத்துக்கு ஒன்றாக மனதில் வைத்துக்கொள், மறக்காது.

ரோஜாவையும் மழை ஓய்ந்த பிறகு, மார்கழியில் வெட்டு. போன வருஷக் கிளையில் பாதி நீளம் போகட்டும். வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்கு மேலே சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடைக் குழைத்துத் தடவு. இல்லாவிட்டால் நுனியிலிருந்து கீழே கருகிக்கொண்டே வரும். இன்னொன்று. ஒட்டுக்கட்டிய இடத்துக்குக் கீழேயிருந்து ஒரு குச்சி விறுவிறுவென்று ஆள் உயரத்துக்குக் கிளம்பும். நீ அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவாய். அது உன் ரோஜா இல்லை, அடிச்செடியின் கிளை. விட்டால் சாப்பாட்டையெல்லாம் அதுவே தின்று மேலே இருக்கும் ரோஜாவைச் சாகடிக்கும். பார்த்த அன்றே அடியோடு கிள்ளி எறி. புதிதாக வாங்குவதானால் பன்னீர் ரோஜாவில் தொடங்கு. நம் வெயில் அதற்குப் பழக்கம்.

சாமந்தி நிறைய மொட்டு வைக்கும் என்று நம்பி ஏமாந்தேன் என்கிறாய். இதற்கு உன்னிடம் ஒரு கேள்வி: மாடிக்கு எதிரே ஏதாவது ஷெட்டின் ஃபோகஸ் லைட் இரவெல்லாம் எரிகிறதா? சாமந்தி நீண்ட இரவை உணர்ந்துதான் மொட்டுக்கட்டும். இடையில் வெளிச்சம் பட்டால் இன்னும் பகல்தான் என்று இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். தொட்டியைத் தண்ணீர்த் தொட்டியின் மறைவுக்கு நகர்த்து. ஆனி, ஆடியில் நட்டு, ஒரு மாதம் கழித்து நுனி கிள்ளி, ஐப்பசி, கார்த்திகையில் இருட்டு கொடுத்தால் பூக்காமல் எங்கே போகும்? இரவு வெளிச்சத்தை அவ்வளவாகப் பொருட்படுத்தாத பூ வேண்டுமென்றால் செண்டுமல்லி போடு. ஆடியில் விதைத்தால் உங்கள் கம்பெனி ஆயுதபூஜைக்கு நீயே மாலை கொண்டுபோகலாம். ஐப்பசியில் மழை விட்ட நேரம் பார்த்து விதைத்தால் பொங்கலுக்கு ஆகும். பனிக்காலத்துக்கு டிசம்பர் பூவைவிட நன்றியுள்ள செடி கிடையாது. ஆடியில் ஒரு குச்சி வைத்தால் போதும்.

இப்போது தண்ணீர். உன் தவறுகளில் பெரியது இதில்தான் இருக்கிறது. "தினமும் தவறாமல் ஊற்றினேன்" என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். தினமும் ஊற்றினாய், சரி. எந்தத் தண்ணீரை? ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் நீரை வீணாக்க மனம் வராமல் செடிக்கு ஊற்றுவதாக இரண்டாம் பக்கத்தில் நீயே சொல்கிறாய். குடிக்கும் நீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் சேர்ந்து இருப்பது அந்த நீரில்தானே தம்பி? தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருப்பது அதுதான். இலை நுனி கருகுவதும் அதனால்தான். அந்த நீரில் வண்டி கழுவு, தரை துடை. செடிக்கு வேண்டாம். ஏசியிலிருந்து சொட்டும் நீர் உப்பில்லாதது. அதைப் பிடித்து ஊற்று. மழைநீரை ஒரு டிரம்மில் பிடித்து மூடி வை.

உங்கள் பக்கத்து நிலத்தடி நீரும் சாமானியப்பட்டதல்ல. மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே ஏறியிருப்பதை 1960களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அளவுக்கு மேல் இறைத்ததன் விளைவு அது. உன் போர் தண்ணீர் எப்படி என்று ஒருமுறை பரிசோதித்துக்கொள். திரூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. போய்க் கேள், வழி சொல்வார்கள். நல்ல தண்ணீர் வரும்வரை மாதம் ஒருமுறை மழைநீரையோ ஏசி நீரையோ அடித்துளை வழியே ஓடும் அளவுக்கு ஊற்றி உப்பைக் கழுவிவிடு. மல்லியிலும் இட்லிப்பூவிலும் இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால், உப்பும் சுண்ணாம்பும் இரும்புச்சத்தை அடைத்துவிட்டன என்று அர்த்தம். அன்னபேதி உப்பு லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, சாயங்காலம் இலையில் தெளி. பச்சை திரும்பும்வரை மாதம் ஒருமுறை போதும். இரண்டு பங்கு போட்டால் இரண்டு மடங்கு சீக்கிரம் பச்சையாகும் என்று கணக்குப் போடாதே. இலைதான் வெந்துபோகும்.

வெயில் மாதங்களில் மூன்று விஷயம் செய். பாதி வெயிலைத் தடுக்கும் பச்சை நிழல்வலை கட்டு. மண்மேல் காய்ந்த இலையோ தேங்காய் மட்டையோ பரப்பு. காலை ஏழு மணிக்குள் நீர் ஊற்று. மத்தியானம் இரண்டு மணிக்கு வாடியிருப்பதைப் பார்த்துப் பதறி ஓடிப்போய்க் குழாயைத் திறக்காதே. சின்டெக்ஸ் தொட்டியிலிருந்து அந்த நேரத்தில் வருவது கொதிநீர், வேரை வேகவைத்துவிடும். உச்சிவெயிலில் தலை தொங்குவது பல செடிகளின் தற்காப்பு. சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் தாகமில்லை. நிமிராவிட்டால் அப்போது ஊற்று. நைட் ஷிஃப்ட் முடிந்து ஆறரை மணிக்கு வீடு வருகிறாய் அல்லவா, படுக்கப் போகும் முன் ஊற்றிவிட்டுப் படு. உன்னுடையதைவிட நல்ல வேலைநேரம் எந்தத் தோட்டக்காரனுக்கும் வாய்க்காது.

கோடையில் செம்பருத்தியில் மாவுப்பூச்சி கட்டாயம் வரும். முதலில் எறும்பைத் துரத்து. அதுதான் பூச்சியைச் சுமந்துபோய்க் குடியேற்றுகிறது. சர்க்கரை போட்ட டீத்தூளை அப்படியே தொட்டியில் கொட்டுகிறாயே, அந்த எறும்புக்கு விருந்து வைப்பதே நீதான். டீத்தூளைக் கழுவி, மக்கவைத்துப் போடு. பூச்சி தெரிந்தால் கிளையை வெட்டி எடு, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சு, பிறகு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து சாயங்காலம் தெளி. கடையில் காரமான மருந்து கேட்டு வாங்கி அடிக்காதே. 2008இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி தோன்றி மாநிலம் முழுக்கப் பரவியபோது மருந்தடித்து யாராலும் தீர்க்க முடியவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு சின்னஞ்சிறு குளவிதான் அதை அடக்கியது. உன் மாடியிலும் அப்படிப்பட்ட குளவிகளும் பொறிவண்டுகளும் இருக்கின்றன. விஷத்துக்கு முதலில் சாவது அவைதான்.

அடுத்து நீ தயங்கித் தயங்கிக் கேட்ட கேள்வி. உலைகளிலிருந்தும் டயரைச் சூடாக்கி எண்ணெய் எடுக்கும் இடங்களிலிருந்தும் வரும் கரி, துணியிலும் இலையிலும் படிகிறது. வீட்டுக்குள் நாலு செடி வைத்தால் காற்று சுத்தமாகுமா? குழந்தை இருக்கும் வீடு என்பதால் நேராகவே சொல்கிறேன்: ஆகாது. 1989இல் நாசா செய்த சோதனையைக் காட்டித்தான் கடைகளில் அப்படி விற்கிறார்கள். அது மூடிய சிறு பெட்டிக்குள், சில ரசாயன ஆவிகளை வைத்துச் செய்தது. 2019இல் அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அத்தகைய சோதனைகளை எல்லாம் திரட்டிக் கணக்குப் பார்த்தார்கள். சாதாரணமாக வீட்டுக்குள் காற்று வந்துபோவதால் கிடைக்கும் சுத்தத்தைச் செடியால் பெற, ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடிவரை வேண்டும் என்று வந்தது. புகைக்கு மருந்து புகையை நிறுத்துவதுதான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தேதி, நேரம், படத்தோடு புகார் எழுது. அந்தப் பொறுப்பைத் தூக்கி மணி பிளாண்ட் தலையில் வைக்காதே.

செடிக்கு நீ செய்ய வேண்டியதும் இதில் உண்டு. கரி படிந்த இலைக்கு வெளிச்சம் குறையும், மூச்சுத் துளை அடைபடும். மழையில்லாத மாதங்களில் வாரம் ஒருமுறை காலையில் இலையின் மேலும் கீழும் நீர் பீய்ச்சிக் கழுவு. உள்ளே இருக்கும் அகல இலைகளை ஈரத்துணியால் துடை. செம்பேனும் அதோடு போகும். அரளியும் காகிதப்பூவும் புகை, தூசி, உப்பு எல்லாவற்றையும் தாங்கும். நெடுஞ்சாலை நடுவே அவற்றை நடுவது அதனால்தான். அரளி விஷச்செடி, குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வை. கரி படியும் மாடியில் பூத்த செம்பருத்தியைத் தேநீருக்குப் பறிக்காதே.

பாம்புக்கற்றாழையின் சாவுக்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். வறண்ட நிலத்துச் செடி அது. இலையிலேயே நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் வீட்டுக்குள் வெளிச்சம் கம்மி, காற்றில் ஈரம் ஜாஸ்தி. நீ வெயில்கால அளவிலேயே ஊற்றினாய். இனி உள்ளே இருக்கும் எந்தச் செடிக்கும் இரண்டு விரற்கடை ஆழம் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்று. பாம்புக்கற்றாழைக்கு மண் முழுதும் காய வேண்டும்.

"இத்தனையும் செய்ய நேரமேது அக்கா" என்றுதான் அடுத்த கடிதம் வரும். தொட்டிகளைக் குறை. நாற்பது தொட்டியை அரைகுறையாகப் பார்ப்பதைவிட ஒரு குண்டுமல்லி, ஒரு பன்னீர் ரோஜா, ஒரு டிசம்பர் பூ, இரண்டு காகிதப்பூ, உள்ளே ஒரு மணி பிளாண்ட் போதும். இவை உன் ஊர் மழையையும் வெயிலையும் அறிந்த செடிகள். ஒரு வருஷம் இவற்றோடு சுற்றி வா. எந்த மாதம் எது துளிர்க்கிறது, எது ஓய்கிறது என்று உன் கண்ணுக்கே பழகிவிடும். அப்புறம் என்னைக் கேட்க மாட்டாய்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வேலை: தொட்டித் துளைகள், செங்கல், தட்டுகள், ஆர்.ஓ. குழாயின் வாயைச் செடிப்பக்கத்திலிருந்து திருப்புவது. கார்த்திகையில் மல்லியை வெட்டிவிட்டு எழுது. வெட்ட மனம் வரவில்லை என்று எழுதினால் பதில் போடமாட்டேன், நேரில் வந்து நானே வெட்டுவேன்.

அன்புடன்,
அக்கா